ஒரே கடவுள்னு ரெண்டு பேருமே சொல்றாங்க, அப்புறம் எங்கதான் இடிக்குது?

இந்துத் தம்பி ஒருத்தர் கேட்டிருக்கார். சிங்கப்பூர்ல என்எஸ்ல (கட்டாய ராணுவ சேவையில) கூட பங்க்ல தங்கியிருக்கிற மலாய் முஸ்லிம் நண்பர் "உங்க மதத்துல எத்தனை கடவுள்"னு கேட்டாராம், இவர் ஒண்ணுதான்னு சொன்னாராம், "அப்ப தேக்கா (லிட்டில் இந்தியா) பக்கம் ஏன் அத்தனை கோயில், கோபுரம் பூரா ஏன் அத்தனை சிலை"ன்னு அவர் திருப்பிக் கேட்டதும் இவருக்குப் பேச்சே வரலையாம். நாம சொல்ற ஒரே கடவுளும் அவங்க சொல்ற ஒரே கடவுளும் ஒருத்தர்தானா வேற வேறயா, யாராச்சும் விவரமா சொல்லுங்கங்கிறார்.

இதுக்கு நம்ம ஊர்ல ரெண்டு ரெடிமேட் பதில்தான் ஓடுது. ஒண்ணு "எல்லா சாமியும் ஒண்ணுதாம்ப்பா, பேருதான் வேற", தீபாவளி ஓபன் ஹவுஸ்ல இதைச் சொல்லிட்டு அடுத்த முறுக்கை எடுத்துக்குவாங்க. இன்னொண்ணு வாட்ஸாப்ல சுத்துற "உங்க வேதத்துலயே எங்க மார்க்கம்தான் சொல்லியிருக்கு" ரகம். எனக்கு ரெண்டுமே ஒத்து வராது. முதலாவது கேட்க நல்லாத்தான் இருக்கும், ஆனா எதிர்ல இருக்கிறவர் என்ன நம்புறார்னு காது கொடுக்காமலே சொல்றது. ரெண்டாவதைப் பத்தி பின்னாடி சொல்றேன்.

என்னைக் கேட்டா எண்ணிக்கையில சண்டையே கிடையாது. இடிக்கிறது வேற ரெண்டு இடத்துல. அந்த ஒருத்தனை விட்டுட்டு வேற யாரையாச்சும் வணங்கலாமாங்கிறது ஒண்ணு, அந்த ஒருத்தனுக்கும் இந்த உலகத்துக்கும் என்ன உறவுங்கிறது இன்னொண்ணு.

முதல்ல நம்ம பக்கம். பிருகதாரண்யக உபநிஷத்துல, ஜனகர் சபையில, சாகல்யர்னு ஒருத்தர் யாக்ஞவல்கியரைப் பார்த்து கிட்டத்தட்ட உங்க பங்க் நண்பர் கேட்ட அதே கேள்வியைத்தான் கேட்கிறார், தேவர்கள் எத்தனைன்னு. இவர் முதல்ல 303ம் 3003ம்னு சொல்றார். அது சரி, நிஜமா எத்தனைன்னு அவர் விடாம கேட்க 33க்கு இறங்குது, மறுபடி கேட்க 6, அப்புறம் 3, அப்புறம் 2, அப்புறம் ஒன்றரை (விளையாட்டு இல்ல, ஒன்றரைன்னே இருக்கு), கடைசியா 1. அந்த 33க்கு லிஸ்ட்டும் தர்றார், வசுக்கள் 8, ருத்ரர்கள் 11, ஆதித்யர்கள் 12, அப்புறம் இந்திரனும் பிரஜாபதியும். நம்ம பாட்டிமார் சொல்ற முப்பத்து முக்கோடி தேவர் எல்லாம் இதோட நீட்சிதான். அந்த சாகல்யர் கடைசி வரைக்கும் அடங்காம கேட்டுக்கிட்டே போய் தலை வெடிச்சு விழுந்துடுவார், அது தனிக் கதை.

ரிக் வேதத்துலயும் 1ஆம் மண்டலம் 164ஆம் சூக்தத்துல இதே கருத்து வருது, உள்ளது ஒண்ணு, அறிஞர்கள் அதை அக்னி, யமன், மாதரிச்வான்னு பலவிதமா சொல்றாங்கன்னு. தமிழ்லன்னா சொல்லவே வேணாம், "ஒன்றே குலமும் ஒருவனே தேவனும்"னு திருமூலர் சொன்னது மேடைப் பேச்சு கேட்டவங்க எல்லாருக்கும் தெரியும். மாணிக்கவாசகர் இன்னும் ஒரு படி மேல போறார், "ஒருநாமம் ஓருருவம் ஒன்றுமில்லார்க்கு ஆயிரம் திருநாமம் பாடிநாம் தெள்ளேணம் கொட்டாமோ"ன்னு. பேரும் இல்ல உருவமும் இல்ல, அதனாலதான் ஆயிரம் பேர் வச்சுப் பாடுறோம்னு சொல்றார் பாருங்க, "ஏன் அத்தனை சிலை"ங்கிற கேள்விக்கு இதை விடச் சுருக்கமான பதில் எனக்குத் தெரியல.

ஆனா ஒண்ணு கவனிக்கணும். யாக்ஞவல்கியர் 1ன்னு சொல்லிட்டு அந்த 33 பேரையும் அழிச்சுடல. 303ம் 3003ம் அந்த 33 பேரோட மகிமைன்னுதான் சொல்றார். இந்த ஒண்ணு மத்ததை எல்லாம் விரட்டுற ஒண்ணு இல்லைங்க, எல்லாத்துக்குள்ளயும் போய் உட்கார்ந்துக்கிற ஒண்ணு. தைப்பூசத்தன்னிக்கு பாருங்க, காவடி எடுக்கிறது முருகனுக்கு, ஆனா காவடி கட்டிக் கிளம்புறது சிராங்கூன் ரோட்டு சீனிவாசப் பெருமாள் கோயில்ல இருந்து, அங்கேருந்து டேங்க் ரோடு தண்டாயுதபாணி கோயில் வரைக்கும் நடை. பெருமாள் கோயில்ல நின்னு வேல் குத்திக்கிறோமேன்னு யாருக்கும் ஒரு உறுத்தலும் இல்ல. வாட்டர்லூ ஸ்திரீட்ல குவான் இம் கோயிலுக்கு வர்ற சீனர்கள் பக்கத்துல இருக்கிற கிருஷ்ணன் கோயில்லயும் ஊதுபத்தி காட்டிட்டுப் போறாங்க, நம்ம ஆளுங்க யாரும் தடுக்கிறது இல்ல. கும்பிடுற கும்பிடு எல்லாம் அந்த ஒருத்தனுக்குத்தான் போய்ச் சேருதுன்னு ஒரு எண்ணம். கீதை 9ஆம் அத்தியாயத்துல கண்ணன் இதைத்தான் சொல்றார், வேற தெய்வங்களை நம்பி வணங்குறவனும் என்னையேதான் வணங்குறான், முறைதான் சரியில்லன்னு. நம்மாழ்வாரும் அவரவர் அறிவுக்கு எட்டின மாதிரி அவரவர் தெய்வத்தோட அடியைப் பிடிக்கிறாங்க, அதுல யாருக்கும் குறையில்லன்னு பாடியிருக்கார்.

இப்ப இஸ்லாம். தவ்ஹீதுன்னா (அவங்களோட ஒரே இறைவன் கொள்கை) என்னன்னு தெரிஞ்சுக்கணும்னா பெரிய புத்தகம் எதுவும் வேணாம், குர்ஆன்ல 112ஆவது அத்தியாயம் இக்லாஸ், நாலே வசனம், அது போதும். அல்லாஹ் ஒருவன், அவன் யாரிடத்துலயும் தேவையில்லாதவன், அவன் யாரையும் பெறவும் இல்ல யாராலும் பெறப்படவும் இல்ல, அவனுக்கு நிகரா யாரும் இல்ல. இது குர்ஆன்ல மூணுல ஒரு பங்குக்குச் சமம்னு நபி சொன்னதா புகாரி தொகுப்புல ஹதீஸ் (நபிமொழி) இருக்கு. உங்க நண்பர் சின்ன வயசுல மனப்பாடம் பண்ணின முதல் சூராக்கள்ல இது கண்டிப்பா இருக்கும், கேட்டுப் பாருங்க.

இந்த இடத்துல நம்ம ஆளுங்க "அட, நம்ம பிரம்மமும் இதேதானே"ன்னு குஷியாயிடுவாங்க. அவசரப்படாதீங்க. அந்தக் காலத்து மக்காவுல சிலை வணங்கினவங்க யாரும் படைச்சவன் நாலு பேர்னு சொல்லல. வானத்தையும் பூமியையும் யார் படைச்சதுன்னு அவங்களைக் கேட்டா அல்லாஹ்னுதான் சொல்வாங்கன்னு குர்ஆனே 29:61ல சொல்லுது. அப்புறம் ஏன் மத்ததை வணங்குறீங்கன்னா, 39:3ல அவங்க சொல்ற பதில் பதிவாகியிருக்கு: இவங்க எங்களை அல்லாஹ்கிட்ட நெருங்க வைப்பாங்கன்னுதான் வணங்குறோம். அதாவது "பரம்பொருள் ஒண்ணுதான், இதெல்லாம் அங்க போற வழி"ன்னு நாம பெருமையா சொல்றோமே, கிட்டத்தட்ட அதே வாதம். குர்ஆன் மறுக்கிறதே அந்த வாதத்தைத்தான். ஒருத்தன்தான்னு ஒத்துக்கிட்டது பத்தாது, தொழுகை, நேர்ச்சை, துஆ (வேண்டுதல்) எல்லாமே அவன் ஒருத்தனுக்கு மட்டும்னு இருந்தாத்தான் தவ்ஹீது. அதுல பங்கு சேர்த்தா ஷிர்க், அந்த நிலையிலயே இறந்துட்டா மன்னிப்பு இல்லன்னு 4:48ஐ வச்சு ஆலிம்கள் (மார்க்க அறிஞர்கள்) சொல்றாங்க. அதனால தம்பி, நீங்க "எங்களுக்கும் ஒரே கடவுள்தான், மத்தவங்க எல்லாம் அவரோட வடிவம்"னு சமாதானமா சொன்னது அவர் காதுல சமாதானமா விழுந்திருக்காது, அவர் மதரசாவுல படிச்ச பாடத்துல வர்ற அதே மறுப்புக்குரிய வாக்கியமா விழுந்திருக்கும்.

இது ஏதோ இந்துக்களைப் பார்த்து மட்டும் கேட்கிற கேள்வின்னும் நினைக்காதீங்க. தமிழ் முஸ்லிம்களுக்குள்ளயே பெரிய விவாதம் இது. தெலுக் ஆயர் ஸ்திரீட்ல நாகூர் தர்கா இருக்கே, 1828-30ல கட்டினது, நாகூர் ஷாகுல் ஹமீது ஆண்டகை நினைவா சோழமண்டலக் கரையில இருந்து வந்தவங்க எழுப்பினது. அவுலியாக்களை (இறைநேசர்களை) முன்னிறுத்தி துஆ கேட்கலாம், கேட்கிறது அல்லாஹ்கிட்டதான்னு ஒரு சாரார். அதுவும் ஷிர்க்குக்குக் கொண்டு போய் விடும்னு தவ்ஹீத் பேசுறவங்க. ஒரே குடும்பத்துல அண்ணனும் தம்பியும் இதுக்காக முகம் கொடுத்துப் பேசாம இருக்கிறதை நான் பார்த்திருக்கேன்.

சரி, கல்லையா கும்பிடுறீங்கங்கிற கேள்விக்கு வருவோம். சவுத் பிரிட்ஜ் ரோடு மாரியம்மன் கோயில்ல 2023 பிப்ரவரியில கும்பாபிஷேகம் நடந்துச்சு. கும்பாபிஷேகத் திருப்பணி ஆரம்பிக்கும்போது ஆகம முறைப்படி ஒரு காரியம் செய்வாங்க, மூர்த்தியில இருக்கிற சக்தியை மந்திரத்தால கும்பத்து நீருக்கு மாத்தி, பாலாலயத்துல (திருப்பணி முடியிற வரைக்கும் வைக்கிற தற்காலிகக் கோயில்ல) எழுந்தருளப் பண்ணி, அங்கதான் பூஜை நடக்கும். அதுக்கப்புறம் மூலஸ்தானத்துல சாரம் கட்டலாம், மருந்து சாத்தலாம், வேலைக்காரங்க உள்ள போய் வரலாம். வேலை முடிஞ்சதும் கும்பத்துல இருந்து திரும்ப மூர்த்திக்கு. வீட்டுல மஞ்சளைப் பிடிச்சுப் பிள்ளையார்னு வைக்கிறோம், பூஜை முடிஞ்சா அதே மஞ்சளைக் கரைச்சு விட்டுடுறோம். கல்லும் மஞ்சளும்தான் கடவுள்னா இப்படிச் செய்ய முடியுமா. சிவவாக்கியர் "நட்டகல்லும் பேசுமோ நாதன் உள்ளிருக்கையில்"னு திட்டினது இதை மறந்துட்டு கல்லைச் சுத்தி வர்றவங்களைத்தான்னு நான் புரிஞ்சுக்கிறேன், அவர் கோயிலையே வேணாம்னுதான் சொன்னார்னு வாதாடுறவங்களும் இருக்காங்க.

இதை உங்க நண்பர்கிட்ட சொல்லுங்க, "கல்லைக் கும்பிடுறவங்க"ங்கிற எண்ணமாச்சும் போகும். ஆனா அவர் ஒத்துக்குவார்னு எதிர்பார்க்காதீங்க. உருவத்துல இறக்கி வச்சு வணங்குறதே அவங்களுக்கு மறுப்புதான்.

பதிலுக்கு நம்ம பக்கத்துல இருந்து "நீங்களும் காபாவைச் சுத்துறீங்களே, கருப்புக் கல்லை முத்தம் கொடுக்கிறீங்களே"ன்னு ஒரு அம்பு விடுவாங்க. அது செல்லாது. கலீபா உமர் அந்தக் கல்லு முன்னாடி நின்னு, நீ ஒரு கல்லு, உன்னால நன்மையும் இல்ல தீமையும் இல்ல, நபி முத்தமிட்டதைப் பார்க்கலன்னா நானும் முத்தமிட்டிருக்க மாட்டேன்னு சொன்னது புகாரியில இருக்கு. காபா தொழுகைக்குத் திசை, அவ்வளவுதான். ஆரம்பத்துல ஜெருசலம் பக்கம் பார்த்துத்தான் தொழுதாங்க, மதீனாவுக்குப் போன பிறகு 624ல திசை மாறுச்சு. இதுல காபாவுக்குள்ள சிவலிங்கம் இருக்குன்னு ஃபார்வர்ட் அனுப்புறவங்களைப் பத்தி என்ன சொல்ல, தயவு செஞ்சு அதை எல்லாம் அழிச்சுடுங்க.

அதே மாதிரி அந்தப் பக்கத்து யூட்யூப் பேச்சாளர்கள் யஜுர் வேதம் 32:3ஐ எடுத்து "அவனுக்குப் பிரதிமை, அதாவது உருவம், இல்லன்னு உங்க வேதமே சொல்லுது"ன்னு சவால் விடுவாங்க. வரி இருக்கறது உண்மைதான். ஆனா அதே சம்ஹிதையில 16ஆம் அத்தியாயம்தான் ஸ்ரீருத்ரம், அதுல நீலக் கழுத்துக்காரன், ஆயிரம் கண்ணுடையவன், வில்லு வச்சிருக்கிறவன்னு உருவம் உருவமா வர்ணிச்சு நமஸ்காரம் நமஸ்காரம்னு போகும். ஒரு வரியைப் பிச்சு எடுத்து இன்னொருத்தர் சமயத்தை அவருக்கே விளக்குறது ரெண்டு பக்கமும் நடக்குது, ரெண்டு பக்கமும் அசிங்கம்தான்.

இனி ரெண்டாவது இடம், எனக்கு இதுதான் ரொம்பப் பிடிச்ச பகுதி, யாரும் இதைப் பேசுறதே இல்ல. "ஒருவனே தேவன்"னு சொன்ன அதே திருமூலர்தான் "பதிபசு பாசம் எனப்பகர் மூன்றில் பதியினைப் போற்பசு பாசம் அனாதி"ன்னும் சொல்றார். பதின்னா இறைவன், பசுன்னா உயிர்கள், பாசம்னா ஆணவம், கன்மம், மாயை. மூணுக்குமே ஆரம்பம் கிடையாது. சிவன் உயிரைப் படைக்கல, உயிர் எப்பவுமே இருக்கு, அழுக்கோட இருக்கு, அந்த அழுக்கைக் கழுவத்தான் அவன் உடம்பையும் உலகத்தையும் கொடுக்கிறான். 13ஆம் நூற்றாண்டுல மெய்கண்டார் சிவஞானபோதம்னு 12 சூத்திரத்துல இதைக் கட்டி வச்சார். குயவன் மண்ணை எடுத்துப் பானை செய்யறான், மண்ணை அவன் உண்டாக்கல, அப்படித்தான் மாயையை எடுத்து இறைவன் உலகத்தைச் செய்யறான்னு விளக்குவாங்க.

இதை ஒரு ஆலிம்கிட்ட சொல்லிப் பாருங்க, தூக்கிவாரிப் போடும். இங்க மலாய்ப் பிள்ளைங்க சமய வகுப்புல "சிஃபாத் துவா புலு"ன்னு படிப்பாங்க, அல்லாஹ்வோட 20 பண்புகள், 15ஆம் நூற்றாண்டுல ஸனூஸிங்கிற வட ஆப்பிரிக்க அறிஞர் வகுத்துக் கொடுத்த முறை அது. அதுல உஜூதுக்கு (உள்ளமைக்கு) அடுத்து ரெண்டாவதே கிதம், ஆரம்பமில்லாம இருக்கிறது. அது அல்லாஹ்வுக்கு மட்டும்தான். உயிர், மலக்கு (வானவர்), காலம், இடம் எல்லாமே அவன் "குன்", அதாவது "ஆகு"ன்னு சொன்னதும் இல்லாமையில இருந்து வந்தது. அங்க மண்ணே கிடையாது, குயவன் மட்டும்தான். இன்னொரு பண்பு, படைப்பு எதுக்கும் அவன் ஒப்பாக மாட்டான்ங்கிறது. அப்ப ஆரம்பமில்லாத பொருள் மூணு இருக்குன்னு சொல்ற சைவ சித்தாந்தம் அவங்க கணக்குல ஒருமையே இல்ல. வைணவத்துக்குப் போனா ராமானுஜர் உலகமும் உயிர்களும் நாராயணனோட உடம்புன்னு சொல்வார். சங்கரர் ரெண்டாவதுன்னு ஒண்ணே இல்ல, நீயே அதுதான்னு சொல்வார், அது படைச்சவனுக்கும் படைப்புக்கும் நடுவுல இருக்கிற கோட்டையே அழிக்கிறதாச்சே, அதை அவங்க எப்படி ஏத்துக்குவாங்க. விஷ்ணு ஒருத்தரே சுதந்திரமானவர், மத்த எல்லாமே அவரைச் சார்ந்துதான் இருக்குன்னு கோடு கிழிச்ச மத்வர்கூட உயிர்களுக்கு ஆரம்பம் உண்டுன்னு சொல்லல.

மறுபிறவி விஷயமும் இங்க இருந்துதான் கிளம்புது. உயிருக்கு ஆரம்பமே இல்லன்னா ஒரு பிறவியில கணக்கு எப்படி முடியும், அதனால பல பிறவி. உயிர் படைக்கப்பட்டதுன்னா ஒரே வாழ்க்கை, அப்புறம் மஹ்ஷர் (மறுமையில எல்லாரையும் எழுப்பி ஒண்ணு கூட்டுறது), தீர்ப்பு. பிறவி உண்டா இல்லையான்னு தனியா சண்டை போடுறவங்க வேரை விட்டுட்டு கிளையில தொங்குறாங்க.

அப்ப ரெண்டும் எங்கயுமே தொட்டுக்கலையான்னா தொட்டுக்கிச்சு, சூஃபி ஞானிகள்கிட்ட. இப்னு அரபி வழி வந்தவங்க உண்மையில உள்ளது ஒண்ணுதான், நாம பார்க்கிறது எல்லாம் அதோட வெளிப்பாடுன்னு போனாங்க. நம்ம பக்கத்துலயே, சுமத்ராவுல, ஹம்சா ஃபன்சூரி இதை மலாய்லயே கவிதையா பாடினார். அப்புறம் 1637ல குஜராத்துல இருந்து ஆச்சே அரண்மனைக்கு வந்த நூருத்தீன் அர்ரானீரி, இது வழிகேடுன்னு சொல்லி அந்த நூல்களை எரிக்க வச்சார். படைச்சவனும் படைப்பும் ஒண்ணுன்னு சொல்லிடாதேங்கிற பயம் எவ்வளவு ஆழமானதுன்னு இதுல தெரியும். டெல்லிப் பக்கம் முகலாய இளவரசர் தாரா ஷிகோ 1657ல 50 உபநிஷத்துகளைப் பாரசீகத்துல கொண்டு வந்து, குர்ஆன் சொல்ற மறைவான நூல் இதுதான்னே எழுதினார். ரெண்டு வருஷத்துல அண்ணன் தம்பி பதவிச் சண்டையில தலை போச்சு, மதத்தை விட்டு விலகினார்ங்கிறதையும் குற்றமா சேர்த்துக்கிட்டாங்க.

தமிழ்ல இது இவ்வளவு ரத்தம் இல்லாம நடந்துச்சுன்னு சொல்லலாம். தாயுமானவர் "எல்லாரும் இன்புற்றிருக்க நினைப்பதுவே அல்லாமல் வேறொன்றறியேன் பராபரமே"ன்னு பராபரக்கண்ணி பாடினார். அவருக்குப் பின்னாடி தொண்டிப் பக்கம் குணங்குடியில பிறந்து சென்னை ராயபுரத்துல வாழ்ந்த மஸ்தான் சாகிபு, அவரும் ஒரு பராபரக்கண்ணி பாடினார், மனோன்மணிக் கண்ணியும் பாடினார், ரகுமான் கண்ணியும் பாடினார். ரெண்டு கண்ணியையும் பக்கத்துல வச்சுப் படிச்சா ஒருத்தர் மடத்துக்காரர், ஒருத்தர் பள்ளிவாசல்காரர்னு உடனே சொல்ல முடியாது. மஸ்தான் பாட்டு மார்க்கத்துக்குள்ள அடங்குமான்னு அவங்க ஆட்களே இன்னிக்கும் தகராறு பண்ணுவாங்க, அதையும் சொல்லிடுறேன்.

ஆக, ஒருத்தர்தானா வேற வேறயான்னு நீங்க கேட்டதுக்கு என் பதில்: ரெண்டு பேரும் தேடுறது படைப்புக்கு மூலமான அந்த ஒருத்தனைத்தான், அதுல எனக்குச் சந்தேகமே இல்ல. ஆனா அவன் எப்படிப்பட்டவன், அவனை எப்படி அணுகணும்னு சொல்றதுல ரெண்டும் வேற வேற, அதை மழுப்ப வேணாம். ஒரு இந்துவுக்கு இதைச் சொல்றது ரொம்ப ஈஸி, ஏன்னா அவர் கணக்குல தொழுகையும் அங்கதான் போகுது. ஒரு முஸ்லிமை அதே மாதிரி "ஆமா, உங்க பூஜையும் அங்கதான் போகுது"ன்னு சொல்லச் சொன்னா அவர் ஈமானை (நம்பிக்கையை) விட்டுக் கொடுக்கச் சொல்ற மாதிரி ஆயிடும், அதனால அப்படிக் கேட்காதீங்க.

இதனாலதான் பிரசாதத்துல அடிக்கடி மனக்கசப்பு வருது. ரமலான்ல பள்ளிவாசல்ல கொடுக்கிற நோன்புக் கஞ்சியை நாம யோசிக்காம வாங்கிக் குடிச்சுடுவோம், நாம கோயில்ல இருந்து சர்க்கரைப் பொங்கல் கொண்டு போனா அவர் நெளிவார், உடனே "நம்மளை மதிக்கல"ன்னு மூஞ்சியைத் தூக்கிக்கிறது. அல்லாஹ் அல்லாதவங்க பேர்ல அர்ப்பணிச்சது வேணாம்னு 2:173ல இருக்கு, நேரா அது அறுத்த இறைச்சியைப் பத்தினதுதான், ஆனா பல ஆலிம்கள் படையலுக்கும் சேர்த்தே சொல்றாங்க. அவர் மறுக்கிறது உங்களை இல்ல. புக் அவுட் ஆகி (முகாம்ல இருந்து லீவுல) வீட்டுக்குப் போயிட்டு பலகாரம் கொண்டு போறீங்கன்னா சாமிக்கு வைக்கிறதுக்கு முன்னாடியே அம்மாகிட்ட சொல்லி அவருக்குத் தனியா ஒரு டப்பா எடுத்து வைக்கச் சொல்லுங்க, படைக்காததுன்னு சொல்லியே கொடுங்க. நெய்யா எண்ணெயா, ஹலால் சான்று உண்டான்னு அடுத்த கேள்வி வரும், அதனால பாக்கெட்டையும் தூக்கிப் போட்டுடாதீங்க.